களவா மீனில் ஆண் ஏன் அகப்படுவதில்லை? வேலூர் மீன் மார்க்கெட்டிலிருந்து ஒரு கேள்வி

பாலாற்றங்கரையான் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நான் உயிரியல் படித்தவன் அல்லன். சத்துவாச்சாரியில் கணக்கு எழுதிப் பிழைப்பவன். ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் மீன் மார்க்கெட்டுக்குப் போவது எங்கள் வீட்டில் நெடுநாளைய வழக்கம். அப்பாவுக்குப் பல் போய்விட்டதால் முள் அதிகமில்லாத மீனாகப் பார்த்து வாங்க வேண்டியிருக்கிறது. ஆகவே இரண்டு ஆண்டுகளாகப் பெரும்பாலும் களவாதான். ராமேஸ்வரம் பக்கத்திலிருந்து ஐஸ் பெட்டியில் வரும் களவாக்கள் ஒன்றரைக் கிலோ, மிஞ்சினால் இரண்டு கிலோ இருக்கும்.

வெட்டுபவர் வயிற்றைக் கீறும்போது அருகில் நின்று பார்ப்பது என் பழக்கம். களவாவின் வயிற்றில் சில நாட்களில் மஞ்சள் நிறச் சினை இரண்டு மடல்களாகக் கிடக்கிறது. மற்ற நாட்களில் இளஞ்சிவப்பு நிறத்தில் மெல்லிய இரண்டு நாடாக்கள் மட்டும் இருக்கின்றன. செப்பிலியை வெட்டும்போது சிலவற்றில் பால் போன்ற வெண்மையான பகுதி வெளிவருவதைக் கண்டிருக்கிறேன். களவாவில் அதை ஒருமுறைகூடக் கண்டதில்லை. வெட்டுபவரைக் கேட்டேன். அவர் கத்தியைத் துடைத்துக்கொண்டே, “களவாவுல ஆம்பளையே கிடையாது சார், எல்லாம் பொம்பளைதான்” என்றார். முப்பது ஆண்டுகளாக மீன் வெட்டுகிறவரின் சொல்லைச் சிரித்துத் தள்ளிவிட முடியவில்லை. ஆண் இல்லாமல் ஒரு மீன் இனம் எப்படித் தழைக்கும்? விவரம் அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

காட்பாடி விலங்கியல் எழுதியது:

நான் விலங்கியல் ஆசிரியர். நல்ல கேள்வி. உங்கள் வெட்டுக்காரர் கண்டது சரி. கொண்ட முடிவுதான் தவறு. களவா இனங்களில் மிகப் பெரும்பாலானவை பெண்ணாகவே முதிர்ச்சியடைந்து, சில ஆண்டுகள் முட்டையிட்டு, உடல் பெருத்தபின் ஆணாக மாறுகின்றன. அப்போது சினைப்பை சிதைந்து, அதே திசுவுக்குள் விந்தணுக்களை ஆக்கும் பகுதி வளர்ந்து அந்த இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. மாற்றம் ஒரு வழிப் பாதைதான் என்று கொள்ளலாம். சில இனங்களில் ஆண் மீண்டும் பெண்ணாவதை வளர்ப்புத் தொட்டிகளில் கண்டிருக்கிறார்கள் என்றாலும், கடலில் அது வழக்கமன்று.

நம் பக்கம் வரும் களவாக்களில், உடல் முழுவதும் செம்மஞ்சள் புள்ளிகள் உள்ள எபினெபெலஸ் கொயாய்டெஸ் என்ற இனத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் பெண் தோராயமாக 25 முதல் 30 சென்டிமீட்டர் நீளத்தில், இரண்டு மூன்று வயதில் முதிரத் தொடங்குகிறது; ஆணாக மாறுவது 55 முதல் 75 சென்டிமீட்டர் நீளத்தில். இந்த அளவுகள் கடலுக்குக் கடல் சற்றே மாறும். ஒன்றரைக் கிலோ மீனின் நீளம் ஏறத்தாழ 47 சென்டிமீட்டர்தான் இருக்கும். ஆகவே நீங்கள் வாங்குவதெல்லாம் பெண்ணாக இருக்கும் வயதைத் தாண்டாத மீன்கள். ஆண் வேண்டுமானால் ஐந்தாறு கிலோவுக்கு மேற்பட்டதைத் தேட வேண்டும். அந்த அளவு மீன் வேலூர் வரைக்கும் அடிக்கடி வருவதில்லை, வந்தாலும் பெரிய ஓட்டல்களின் கணக்கில் போய்விடும்.

இது ஏன் இப்படி என்பதற்கு 1969-இல் மைக்கேல் கிசெலின் என்ற அமெரிக்க உயிரியலாளர் முன்வைத்த விளக்கம் இன்றும் நிற்கிறது. பவளப்பாரில் பெரிய ஆண் ஒன்று இடத்தைக் காத்து, பல பெண்களோடு கூடி, போட்டிக்கு வரும் சிறிய ஆண்களை விரட்டிவிடுகிறது. அப்படிப்பட்ட இடத்தில் சிறிய உடலோடு ஆணாகப் பிறந்து காத்திருப்பதில் பயனில்லை. சிறியதாக இருக்கும்வரை பெண்ணாக முட்டையிட்டு, பெரிதானபின் ஆணாவதே ஆதாயம். ஒரே உயிர் தன் வாழ்நாளில் இரண்டு கணக்குகளிலும் வரவு வைத்துக்கொள்கிறது. நீங்கள் கணக்கர் என்பதால் இந்த உவமை.

நம் ஏரி மீன்களையே பார்த்துப் பழகியதால்தான் இது நமக்கு வியப்பாக இருக்கிறது. காவேரிப்பாக்கம் ஏரி கோடி போகும்போது நீரை எதிர்த்து ஏறும் கெண்டையில் ஆணும் பெண்ணும் பிறவியிலேயே வேறு. அவை மழைவெள்ளத்துக்குக் காத்திருந்து முட்டையிடுகின்றன. விரால் தன் குஞ்சுகளைக் கூட்டமாக மேய்த்துக் காக்கிறது. ஜிலேபியில் தாய் முட்டைகளை வாயில் வைத்து அடைகாக்கிறது. பவளப்பார்க் களவாவோ ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான முட்டைகளை நடுநீரில் விட்டுவிட்டுப் போய்விடும். முட்டைகள் மிதந்து, ஏறக்குறைய ஒரு நாளில் பொரித்து, குஞ்சுகள் ஒரு மாதத்துக்கு மேல் நீரோட்டத்தில் அலைந்தபின்னரே ஏதாவது ஒரு பாரில் இறங்கும்.

ஆம்பூர்ச் சமையல் எழுதியது:

இரண்டு ஐயங்கள். பார் என்று ஆசிரியர் குறிப்பது, கடைகளில் பாறை என்று விற்கும் மீனைத்தானா? கொடுவாவிலும் இதே கதைதானா? பெரிய கொடுவாவை வெட்டும்போதெல்லாம் சினைதான் வருகிறது; அதையும் ஆண் என்று சொல்லிவிடுவீர்களோ என்று பயமாக இருக்கிறது.

காட்பாடி விலங்கியல் எழுதியது:

பாறை என்று விற்பது வேறு இனம். அது திறந்த நீரில் வேகமாக நீந்தித் திரியும் மீன். கடற்கரையில் பவளத்திட்டையும் பாறைத்திட்டையும் ‘பார்’ என்பார்கள். முத்துப்பார் என்ற சொல்லைக் கேட்டிருப்பீர்கள்.

கொடுவாவில் கதை தலைகீழ். அது முதலில் ஆண், வளர்ந்தபின் பெண். அதனால்தான் உங்கள் பெரிய கொடுவாவில் சினை வருகிறது, பயப்பட வேண்டாம். சென்னையில் உள்ள மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு நிறுவனம் 1997-இல் கொடுவாவைச் சிறைநிலையில் இனப்பெருக்கம் செய்தபோது, பெரிய பெண்களையும் இளைய ஆண்களையும் தனித்தனியே திரட்ட வேண்டியிருந்ததற்கு இதுவே காரணம். சாமந்திப்பூவோடு வாழும் கோமாளி மீனும்

திருத்தம்: கடல் சாமந்தியோடு வாழும் கோமாளி மீனும் இதே வகை. அவசரத்தில் பாதியில் அனுப்பிவிட்டேன்.

உடைமரக்கூடு எழுதியது:

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம். நான் கீழக்கரைப் பக்கத்தவன். பன்னிரண்டு ஆண்டுகளாக ராணிப்பேட்டையில் தோல் பதனிடும் ஆலையில் வேலை செய்கிறேன். என் பெரியப்பா ஆயுள் முழுவதும் வத்தையில் சென்று கூடு போட்டு மீன் பிடித்தவர். உடைமரக் குச்சிகளை வளைத்துக் கட்டிய கூட்டுக்குள் இரை வைத்து, கல் கட்டிப் பாரின் ஓரத்தில் இறக்கிவிட்டு, மறுநாளோ அதற்கடுத்த நாளோ எடுப்பார்கள். இப்போது கம்பிச் சட்டமும் நைலான் வலையும் வந்துவிட்டன. கூட்டில் களவா, விளமீன், ஓரா, கிளிமீன், நகரை எல்லாம் கலந்து விழும்.

ஆண் பெண் மாறும் செய்தியை அவர் எந்தப் புத்தகத்திலும் படித்ததில்லை. ஆனால் மங்கிய செம்பழுப்பு நிறக் கிளிமீனும், பச்சையும் நீலமுமாக மின்னும் பெரிய கிளிமீனும் ஒரே சாதி என்று அவர் உறுதியாகச் சொல்வார். அந்த இரண்டையும் வெவ்வேறு இனங்கள் என்று எண்ணி ஆய்வாளர்கள் முன்பு தனித்தனிப் பெயர் சூட்டியிருந்தார்கள் என்பதை இங்கு வந்து படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. வளர்பிறையின் முதல் சில நாட்களில் ஓராவைக் கையில் எடுத்து வயிற்றை லேசாக அழுத்தினால் பால் வழியும். பிறை முதிர்ந்தபின் அதே மீன் வயிறு ஒட்டிப்போய் வரும் என்பார். சோழகக் காலம், வாடைக் காலம், அமாவாசைத் தண்ணீர், பௌர்ணமித் தண்ணீர் என்று ஒவ்வொன்றுக்கும் அவரிடம் ஒரு கணக்கு இருந்தது. எங்கே எந்தப் பிறையில் களவா கூடும் என்பதை மட்டும் உடன்பிறந்தவர்களிடம்கூடச் சொல்ல மாட்டார்.

ஒரு மனக்குறையையும் பதிந்துவிடுகிறேன். சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் ஊருக்கு ஆய்வுக்கென்று வந்தவர்கள் மூன்று நாட்கள் பெரியப்பாவை உட்கார வைத்து எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு போனார்கள். அதன்பின் ஒரு கடிதம்கூட வரவில்லை. அடுத்த முறை வந்தவர்கள், ‘சினை மீனைப் பிடிக்காதீர்கள்’ என்று அறிவுரை சொன்னார்கள். கூட்டுக்குள் போகும் மீனிடம் வயிற்றைக் காட்டு என்று கேட்க முடியுமா?

நுண்ணோக்கி எழுதியது:

நான் கடல் உயிரியலில் ஆய்வு செய்யும் மாணவி. சொந்த ஊர் வாலாஜா. அண்ணன் சொன்ன ஓராவின் கணக்கு ஆய்வேடுகளோடு பொருந்துகிறது. ஓரா இனங்கள் பலவும் நிலவை ஒட்டியே முட்டையிடுகின்றன. சில இனங்கள் அமாவாசை கழிந்த நான்கைந்து நாட்களிலும், சில முதல் கால்நிலவை ஒட்டியும் முட்டையிடுவது பதிவாகியிருக்கிறது. பெரியப்பாவின் வார்த்தையை யாரும் திருப்பிச் சொல்ல வராததற்கு, அதே துறையில் இருப்பவள் என்ற முறையில் வெட்கப்படுகிறேன்.

தொடக்கக் கேள்விக்கு இன்னொரு பாதி விடையும் உண்டு. களவா ஆணாகவே இருந்தாலும், மார்க்கெட்டில் நின்று பார்ப்பவர் கண்ணுக்கு அதன் விந்தகம் எளிதில் படாது. ஓராவில் பல ஆண்கள் ஒரே நேரத்தில் கூட்டமாகப் பெண்களைச் சூழ்ந்து விந்து விடுகின்றன. யாருடைய விந்து அதிகமோ அதற்கே வாய்ப்பு என்பதால் விந்தகம் வயிற்றையே நிரப்பும் அளவுக்குப் பெருக்கிறது. ஒரு ஆண் ஒரு பெண்ணோடு தனியே இணை சேரும் களவாவில் அந்தப் போட்டி குறைவு. அதன் விந்தகம் உடல் எடையில் நூற்றில் ஒரு பங்கைக்கூட எட்டாமல் இருப்பது சாதாரணம். சினையின் எடையை உடல் எடையால் வகுத்து நூறால் பெருக்கும் எண்ணை நாங்கள் சினை விகிதம் என்போம். இரண்டு கிலோ பெண் களவாவில் 60 கிராம் சினை இருந்தால் அந்த எண் மூன்று. அதை மாதந்தோறும் குறித்துக்கொண்டே போனால், எந்த மாதத்தில் ஏறி எந்த மாதத்தில் இறங்குகிறது என்பதிலிருந்து முட்டையிடும் காலம் தெரியும்.

ஆனால் வெறும் கண்ணை நம்பினால் ஏமாறுவோம். நீங்கள் கண்ட இளஞ்சிவப்பு நாடா இன்னும் முதிராத சிறுமீனுடையதாகவும் இருக்கலாம், முட்டையிட்டு முடித்து ஓய்ந்திருக்கும் தாய்மீனுடையதாகவும் இருக்கலாம், ஆணாக மாறத் தொடங்கிய மீனுடையதாகவும் இருக்கலாம். மூன்றும் வெட்டுப்பலகையில் ஒரே மாதிரி தோன்றும். திசுவை மெழுகில் பதித்து, மயிரிழையைவிட மெல்லியதாகச் சீவி, சாயமேற்றி நுண்ணோக்கியில் பார்த்தால்தான் முட்டை வெளியேறியபின் எஞ்சும் வெற்றுக் கூடுகளும், சிதையும் முட்டைகளுக்கிடையே முளைக்கும் விந்துத் திசுவும் தெரியும். ஓய்வுநிலைத் தாய்மீனை முதிராத மீன் என்று தவறாக எண்ணிவிட்டால், இனம் முதிரும் நீளத்தையே தவறாகக் கணக்கிட்டுவிடுவோம். பாதி மீன்கள் முதிர்ந்திருக்கும் நீளம் என்ற அந்த ஓர் எண்ணின்மேல்தான் குறைந்தபட்சப் பிடி அளவு, வலைக் கண்ணியின் அளவு எல்லாம் கட்டப்படுகின்றன.

குடியாத்தம் வாசகன் எழுதியது:

அப்படியானால் தடைக்காலம் இருக்கிறதே? ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் கடலுக்குப் போவதில்லை, நம் ஊரில் மீன் விலை ஏறிவிடுகிறது. அந்த நாட்களில் எல்லா மீனும் முட்டையிட்டுவிடும் என்றுதானே நினைத்துக்கொண்டிருந்தோம்? மேலும், ஆணாகும் வரை வளரவிடாமல் பிடித்தால் ஆண்களே அற்றுப்போகாதா?

உடைமரக்கூடு எழுதியது:

தடை விசைப்படகுகளுக்குத்தான், நாட்டுப்படகுகளுக்கு இல்லை. தூண்டிலும் கூடும் அந்த இரண்டு மாதங்களிலும் நடக்கும். மேலும் பார் மீன்கள் எல்லாம் ஒரே மாதத்தில் சினை வைப்பதில்லை. எங்கள் வீட்டில் வாடைக் காலத்திலும் சினை மீன் சமைத்திருக்கிறோம். எனினும் இழுவலை ஓயும் அந்த நாட்களில் பாரைச் சுற்றியுள்ள கடலடி சற்றே ஆறும் என்பதை நாங்களும் மறுக்கவில்லை.

நுண்ணோக்கி எழுதியது:

குடியாத்தம் நண்பரின் இரண்டாம் கேள்விதான் இந்த இழையின் உயிர்நாடி என்று கருதுகிறேன். மெக்சிகோ வளைகுடாவில் ‘காக்’ என்று அழைக்கப்படும் களவா இனத்தில் 1970-களில் நூற்றுக்கு ஏறத்தாழ 17 மீன்கள் ஆணாக இருந்தன. 1990-களின் தொடக்கத்தில் அது இரண்டு அளவுக்குக் குறைந்துவிட்டது. அங்கே பிடித்தவர்கள் ஆணைத் தேடிப் பிடிக்கவில்லை. பெரிய மீன் தூண்டிலை முந்திக்கொண்டு கவ்வும், முட்டையிட மீன்கள் ஒன்றுகூடும் இடமும் தெரிந்துவிட்டது. பெரியவை குறைந்தன என்றால் ஆண்கள் குறைந்தன என்றே பொருள்.

ஆண் குறைந்தால் அடுத்த பெண் மாறிவிடாதா என்று கேட்கலாம். சில மீன்களில் அது விரைந்தே நடக்கிறது. மற்ற மீன்களின் உடலில் ஒட்டுண்ணிகளைக் கொத்தித் தின்னும் சிறிய துப்புரவு மீனில், கூட்டத்தின் ஆண் மறைந்த ஓரிரு மணி நேரத்திலேயே மூத்த பெண் ஆணைப்போல நடக்கத் தொடங்கி, இரண்டு மூன்று வாரங்களுக்குள் விந்து ஆக்கிவிடுகிறது என்பதை 1972-இல் ஆஸ்திரேலியப் பவளத்திட்டில் செய்த ஆய்வு காட்டியது. அந்த மீன் நாள் முழுவதும் கூட்டமாகவே வாழ்வதால் ஆணின் இழப்பு உடனே உணரப்படுகிறது. ஆண்டில் சில நாட்கள் மட்டும் ஓரிடத்தில் கூடி, மற்ற நாட்களில் தனித்து வாழும் பெரிய களவாவுக்கு அந்த அறிகுறி கூடும் நாட்களில்தான் கிடைக்கும். அதற்குள் அந்த ஆண்டின் முட்டையிடல் தொடங்கியிருக்கும்.

கூடும் இடத்தில் பிடிப்பதில் வேறொரு கண்ணியும் இருக்கிறது. சுற்றுவட்டாரத்து மீன்கள் எல்லாம் அங்கே வந்து சேர்வதால், இனம் பாதியாகக் குறைந்த பின்னரும் ஒரு நாள் பிடி குறையாமல் இருப்பதாகவே தோன்றும். குறைவு தெரியும்போது காலம் கடந்திருக்கும். கரீபியக் கடலின் நாசாவ் களவா இந்த வழியில்தான் அழிவின் விளிம்புக்குப் போனது. அண்ணனின் பெரியப்பா இடத்தைச் சொல்லாமல் காத்தது சொந்த ஆதாயத்துக்காகவே இருந்தாலும், மீனுக்கும் அதுவே நல்லதாகப் போயிற்று. நானும் இடம் கேட்கப் போவதில்லை.

காட்பாடி விலங்கியல் எழுதியது:

ஒன்றைச் சேர்க்கிறேன். சிறியதை விட்டுவிட்டுப் பெரியதைப் பிடி என்ற பழைய பாடத்தை நானே வகுப்பில் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். களவாவுக்கு அது போதாது. நீளம் இரட்டித்தால் எடை ஏறத்தாழ எட்டு மடங்காகும். முட்டைகளின் எண்ணிக்கை அதற்கும் மேலே போகும். முந்நூறுக்கும் மேற்பட்ட கடல்மீன் இனங்களை ஒப்பிட்டு 2018-இல் வெளியான ஆய்வொன்று இதைத்தான் உறுதிசெய்தது. ஆகவே பெரியவற்றில் பெண்ணாயிருப்பவை முட்டைக்கும், ஆணாகிவிட்டவை விந்துக்கும் மூலம். கீழே ஓர் அளவும் மேலே ஓர் அளவும் வைத்து, நடுவிலுள்ள மீன்களை மட்டும் பிடிப்பதுதான் இதற்குப் பொருந்தும். தூண்டிலில் வரும் மீனை உயிரோடு திருப்பி விடலாம். ஆழத்திலிருந்து சட்டென்று இழுத்தால் காற்றுப்பை வீங்கி மீன் செத்துவிடும் என்பதால் கரையோர ஆழத்துக்கே இது சரிவரும்.

உடைமரக்கூடு எழுதியது:

ஐயா, நல்ல எண்ணம்தான். எட்டுக் கிலோ களவா ஒன்று ஏறினால் அன்றைய டீசலும் ஐசும் கழிந்து கையில் ஏதாவது நிற்கும். அதைத் திரும்பவும் கடலில் விடு என்று சொல்பவர், அந்த மீனின் விலையையும் யார் தருவது என்று சொல்ல வேண்டும். கூட்டின் கண்ணியைப் பெரிதாக்குவது எங்களால் முடியும். சிறியவை தாமே வெளியேறிவிடும். பெரியதை விடுவது கடன் வாங்கிப் படகு ஓட்டுகிறவனால் முடியாது.

காட்பாடி விலங்கியல் எழுதியது:

ஏற்கிறேன், தம்பி. என்னிடம் அதற்கு விடை இல்லை.

பாலாற்றங்கரையான் எழுதியது:

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். நேற்று வெட்டுக்காரரே கைப்பேசியில் அழைத்து, கல்யாண வீட்டு ஆர்டருக்கு ஒரு பெரிய புள்ளிக் களவா வந்திருக்கிறது, வயிற்றைத் திறக்கும்முன் வாருங்கள் என்றார். எடை எட்டரைக் கிலோ. தையல்காரர் நாடாவால் அளந்தேன். வாய் நுனியிலிருந்து வால் முனைவரை 82 சென்டிமீட்டர். வயிற்றுக்குள் குடலை ஒதுக்கியபின், முதுகெலும்பை ஒட்டி என் சுண்டுவிரல் பருமனில் இரண்டு வெளிர்சாம்பல் மடல்கள் இருந்தன. அவ்வளவு பெரிய உடலில் அவ்வளவுதான். அழுத்தியபோது ஒரு துளி பால்போல வந்தது. வெட்டுக்காரர் அதை விரலில் தொட்டுப் பார்த்துவிட்டு, ஒன்றும் பேசாமல் மடலைக் குறுக்காக நறுக்கிக் காட்டினார். நடுவே வெற்றிடமாக ஒரு துளை இருந்தது. “ஆம்பளைன்னா ஏன் சார் சினைப்பை மாதிரி உள்ள ஓட்டையா இருக்கு?” என்று கேட்கிறார். செப்பிலியின் விந்தகம் அப்படி இருப்பதில்லையாம். என்ன விடை சொல்ல?

நுண்ணோக்கி எழுதியது:

அவர் கண் எங்கள் ஆய்வகத்துக்கு வேண்டிய கண். செப்பிலி பிறவியிலேயே ஆண், பெண் எனப் பிரிந்தது. அதன் விந்தகத்தில் அந்த வெற்றிடத்துக்கு வேலை இல்லை. களவாவில் நீங்கள் கண்ட துளை, பெண்ணாயிருந்த நாளில் முட்டைகள் வந்து விழுந்த சினைப்பையின் உள்வெளி. ஆணானபின்னும் அது அழிவதில்லை. விந்து அதன் வழியாகப் போவதும் இல்லை. சுற்றுச்சுவருக்குள் புதிதாக உண்டான நாளங்கள் வழியாகவே வெளியேறும்.

அந்த மடலில் ஒரு துண்டு இன்னும் இருக்கிறதா? இருந்தால் ஃப்ரீஸரில் வைத்துவிடாதீர்கள். பனித்துகள்கள் செல்களைக் கிழித்துவிடும். பத்து விழுக்காட்டு ஃபார்மலின் நிரப்பிய சிறிய குப்பிகளோடு சனிக்கிழமை மாலை வாலாஜா வருகிறேன்.

பாலாற்றங்கரையான் எழுதியது:

துண்டைக் கல்யாண வீட்டுப் பூனை கொண்டுபோய்விட்டது. குப்பிகளில் இரண்டைத் தன்னிடம் கொடுத்து வைக்கலாமா என்று வெட்டுக்காரர் கேட்கச் சொன்னார். அடுத்தது வந்தால் அவரே போட்டு வைப்பாராம்.